யாருக்கும் சொல்லாதே என்றால்தான் காது கொடுப்போமா?

கரிசல் அச்சகம் (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் அச்சகத்துக்கு ஒரு வேலை வந்தது. 64 பக்கம், 2,000 படி, அட்டை மட்டும் நாலு கலர். தலைப்பு ‘இதுவரை யாரும் அறியாத இரகசிய மந்திரங்கள்’. கொண்டுவந்தவருக்கு அறுபது வயது இருக்கும். நல்ல மனிதர், பேரம் பேசவில்லை. கைப்பிரதியைப் பையிலிருந்து எடுக்கும் முன்பு கடையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார். “டைப் அடிக்கிற பொண்ணு வெளியே சொல்லிடாதே?” என்று கேட்டார். 2,000 படி அடிக்கச் சொல்லிவிட்டு இதென்ன கேள்வி அண்ணாச்சி என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

புரூஃப் எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கம் ஓம் நமோ நாராயணாய. அடுத்தது நமசிவாய. அப்புறம் சரவணபவ, காயத்ரி. எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் மார்கழி முழுக்க விடியற்காலை நாலரை மணிக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊரையே எழுப்புகிற மந்திரம்தான் முதல் இரகசியம்! அதிலும் ஒரு துணைக்கால் விட்டுப்போய் ‘நாரயணாய’ என்று கிடந்தது. திருத்தட்டுமா என்று போன் போட்டுக் கேட்டேன். “கை வெச்சிடாதீங்க தம்பி. பழைய ஏட்டுல அப்படித்தான் இருக்கு. சூட்சுமமே அதுலதான் இருக்கு” என்றார்.

அன்றிலிருந்து மண்டைக்குள் ஒரே கேள்வி. கடவுள் சொன்னது என்று எந்த மதத்தில் எதை எடுத்தாலும் எல்லோருக்கும் சொல் என்றுதான் இருக்கிறது. நமக்கோ காதோடு காதாகச் சொன்னால்தான் அது பெரிதாகத் தெரிகிறது. ஏன்?

—

சேந்தன் 72

நல்ல கேள்வி. ஆனால் தமிழில் இந்தச் சிக்கல் சொல்லிலேயே இருக்கிறதே. வேதத்துக்கு நாம் வைத்த பெயரே ‘மறை’. மறைப்பதும் மறைதான். ‘எழுதாக் கற்பு’ என்று குறுந்தொகையில் வரும், கற்பு என்றால் இங்கே கல்வி. எழுதி வைக்காமல் வாய்வழியாக வந்தது என்று பொருள். எழுதாதது கேட்கக் கிடைத்தவனுக்கு மட்டும்தான்.

மறுபக்கம் திருமூலரைப் பாருங்கள். ‘நான் பெற்ற இன்பம் பெறுக இவ்வையகம்’ என்ற வரி கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஆட்டோ முதுகு வரை இருக்கிறது. அடுத்த வரியை யாரும் சொல்வதில்லை: ‘வான்பற்றி நின்ற மறைப்பொருள் சொல்லிடின்’. வையகம் பெறட்டும் என்று அவர் சொன்ன இன்பமே அந்த மறைப்பொருள்தான். மறைந்த பொருளைச் சொல்லிவிடுகிறேன் என்கிறார் மனிதர்.

—

வெள்ளைக்கோபுரம்

எட்டெழுத்தை, அதாவது அந்த ‘ஓம் நமோ நாராயணாய’வைப் பற்றிப் பேச்சு வந்தால் திருக்கோட்டியூருக்குப் போகாமல் இருக்க முடியாது. கதை எல்லோருக்கும் தெரியும் என்றாலும் எல்லோருக்கும் பாதிதான் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

இராமானுசர் ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்கு, அங்கிருந்த ஆசாரியர் நம்பியைத் தேடிப் போனார். இன்றைய சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூருக்குப் பக்கம். ஒரு வழிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர், நடை. நம்பி திருப்பி அனுப்பினார். மறுபடி போனார், மறுபடி திருப்பினார். பதினெட்டாவது தடவைதான் திருமந்திரத்தின் (வைணவர்கள் எட்டெழுத்தை அப்படித்தான் சொல்வோம்) பொருளைச் சொன்னார், யாருக்கும் சொல்லக் கூடாது என்ற சத்தியத்தோடு. அடுத்த நாளே இராமானுசர் கோயிலில் கூடியிருந்தவர்களுக்கு அதைச் சொல்லிவிட்டார். நம்பி கொதித்துப்போய்க் கேட்டதற்கு, குரு சொல்லை மீறினால் நரகம் என்றால் நான் ஒருவன்தானே போவேன், இவர்களெல்லாம் கரையேறுவார்களே என்றார். அந்த இடத்தில் நம்பி உருகி, ‘எம்பெருமானாரே’ என்று கட்டிக்கொண்டார். அதுவே பெயராகவும் நின்றுவிட்டது.

பின்னால் மணவாள மாமுனிகள் உபதேச ரத்தினமாலையில் இந்த மாற்றத்தை ஒரே வெண்பாவில் சொல்கிறார். முன்னோர் ‘ஓராண் வழியாய்’ உபதேசித்தார்கள், ஒருவரிடமிருந்து ஒருவருக்கு. எதிராசர், அதாவது இராமானுசர், வந்து ‘ஆசையுடையோர்க்கெல்லாம்’ சொல்லுங்கள் என்று ‘வரம்பறுத்தார்’.

வரம்பு என்றால் வயல் வரப்பு. வரப்பை வெட்டிவிட்டால் தண்ணீர் தானாகப் பாயும்.

—

கறுப்புச்சட்டை

கோபுரத்தில் ஏறி ஊரைக் கூட்டி எல்லாச் சாதிக்கும் சொன்னார் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே, அம்மா அதை எழுதாமல் விட்டதற்கு நன்றி. ஆசாரியர்கள் வரலாற்றைச் சொல்லும் பழைய குருபரம்பரை நூலான ஆறாயிரப்படியில், ஸ்ரீவைஷ்ணவர்களுக்குச் சொன்னதாகத்தான் இருக்கிறது. கோபுரமும் ஊர்க்கூட்டமும் பின்னால் சேர்ந்த வண்ணங்கள். இராமானுசர் தானே எழுதிய ஒன்பது நூல்களிலும் இந்தச் சம்பவம் கிடையாது.

எழுதியிருப்பது வேறு. பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் அபசூத்திராதிகரணம் என்று ஒரு பகுதி உண்டு. சூத்திரருக்கு வேதம் ஓதும் உரிமை இல்லை என்ற பழைய முடிவை அவரும் அப்படியே ஏற்கிறார். வரம்பை அறுத்த கைதான் இதையும் எழுதியது.

என் கட்சி எளிமையானது. இரகசியம் என்பது சொத்து. யாரிடம் சாவி இருக்கிறதோ அவனிடம் அதிகாரம். இதில் ஆன்மிகத்தைத் தேடுவானேன்?

—

வெள்ளைக்கோபுரம்

தம்பி, நீங்கள் சொன்ன இரண்டும் சரி, மறுக்க மாட்டேன். இன்னொன்றும் நானே சேர்த்துத் தருகிறேன்: திருமந்திரத்தை ‘ஓம்’ சேர்த்துச் சொல்லும் உரிமை யாருக்கு என்று பிற்காலத்தில் சம்பிரதாயத்துக்குள்ளேயே வாதம் நடந்தது. எங்கள் வீட்டிலேயே பெரியவர்கள் பெண்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தயங்கியதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

ஆனால் சாவிதான் எல்லாம் என்றால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். வேதத்தின் கதவு அப்படியே இருக்க, பக்கத்தில் வேறொரு கதவைத் திறந்தார்கள். பின்னால் வந்த ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் 18 நூல் எழுதினார், தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாளத்தில், பெண்களும் வடமொழி தெரியாதவர்களும் படித்துப் புரிந்துகொள்ளும்படி. அந்த நூல்களுக்குப் பெயர் என்ன தெரியுமா? இரகசியக் கிரந்தங்கள்! இன்றும் ஸ்ரீரங்கத்துக் கடைகளில் அடுக்கி வைத்து விற்கிறார்கள்.

—

அனு கோவை

நான் தத்துவம் பேச வரவில்லை, பட்டதைச் சொல்கிறேன். எட்டு வருஷம் முன்னால் ஒரு தியான வகுப்பில் சேர்ந்தோம், நானும் வீட்டுக்காரரும். ஆளுக்கு 3,500 ரூபாய். பழம், பூ, வெள்ளைத் துணி கொண்டுபோக வேண்டும். தனித்தனியாக உள்ளே கூப்பிட்டார்கள். என் பிறந்த தேதியெல்லாம் கேட்டுவிட்டு, உனக்கென்றே அமைந்தது என்று ஓர் எழுத்தைக் காதில் சொன்னார்கள். கட்டின புருஷனிடம்கூடச் சொல்லாதே, சொன்னால் சக்தி போய்விடும் என்றார்கள்.

உண்மையைச் சொன்னால் அந்த நாலைந்து மாதம் அருமையாகத்தான் இருந்தது. பஸ்ஸில் போகும்போது, இத்தனை பேரில் யாருக்கும் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று ஒரு நினைப்பு.

ஒருநாள் ராத்திரி நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அவர் பின்கட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர், அசந்துபோய் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். கரண்டியோடு போய் எதிரில் நின்றேன். “அது என்னோடது” என்றேன். “இல்லை, என்னோடது” என்றார். அப்புறம் இரண்டு பேரும் சிரித்து ஓய்வதற்குள் கடுகு கருகிவிட்டது.

எனக்குப் புரியாதது இதுதான். எழுத்து அதேதான், ஆனால் மறுநாளிலிருந்து எனக்கு அதில் ஒட்டவில்லை. அப்போது இத்தனை நாள் என்னை உட்கார வைத்தது எது?

—

கறுப்புச்சட்டை

7,000 ரூபாய்.

—

நெறியாளர்

கறுப்புச்சட்டை, சிரித்துவிட்டேன், இருந்தாலும் ஒற்றைச் சொல் பதில் வேண்டாமே.

—

முத்துநகர் தாமஸ்

அனு அக்கா சொன்னதைப் படித்ததும் என் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் தூத்துக்குடிக் கடற்கரைக் கத்தோலிக்கர்கள். பாட்டி காலத்தில் பூசை முழுக்க லத்தீன், சாமியார் பீடத்தைப் பார்த்துக்கொண்டு நமக்கு முதுகு காட்டி நிற்பார். இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1962 முதல் 1965 வரை, முடிந்த பிறகுதான் தமிழில் பூசை வந்தது. முதல் தமிழ்ப் பூசை முடிந்து வந்து பாட்டி திண்ணையில் உட்கார்ந்து அழுததாக அம்மா சொல்வாள். சந்தோஷத்தில் இல்லை. “இம்புட்டுத்தானா?” என்று கேட்டாளாம்.

இத்தனைக்கும் வேதத்தில் இது தெளிவாக இருக்கிறது. பிரதான ஆசாரியன் விசாரிக்கும்போது இயேசு சொல்கிறார்: நான் வெளியரங்கமாய் உலகத்துடனே பேசினேன், அந்தரங்கத்திலே நான் ஒன்றும் பேசவில்லை. யோவான் 18:20. கைகட்டி நிற்கிற நேரத்தில் அவர் சொன்ன வாதமே அதுதான், கேட்டவர்களிடம் போய் விசாரியுங்கள் என்று.

அப்படியும் நம்மவர்கள் விடவில்லை. 1945-ல் எகிப்தில் நாக் ஹம்மாதி பக்கம் உரமண் தோண்டப் போன குடியானவர்களுக்கு மூடி ஒட்டிய ஒரு ஜாடி கிடைத்தது. உள்ளே பூதம் இருக்குமோ என்று பயந்து, தங்கம் இருந்தாலும் இருக்கும் என்று உடைத்தார்கள். இருந்தது தோல் அட்டை போட்ட பழைய ஏடுகள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டதில் சில தாள்களை அவர்களுடைய தாய் அடுப்பெரிக்கப் போட்டுவிட்டாள் என்று கண்டெடுத்தவரே பின்னால் சொன்னார். தப்பியதில் ஒன்று தோமா நற்செய்தி. தொடக்கமே ‘இவை இரகசிய வார்த்தைகள்’ என்றுதான். உலகம் முழுக்கப் பரபரப்பு. மொத்தம் 114 வாக்கு. படித்துப் பாருங்கள், கடுகு விதை உவமை இருக்கிறது, விதைக்கிறவன் உவமை இருக்கிறது. ஞாயிறு மறைக்கல்வியில் எட்டு வயதில் நான் ஒப்பித்ததெல்லாம் அதில் இருக்கிறது. கரிசல் அண்ணனுக்கு வந்த 64 பக்கப் புத்தகம் மாதிரியே!

—

சேந்தன் 72

தாமஸ், அதில் உங்கள் நான்கு நற்செய்திகளில் இல்லாதவையும் நிறைய இருக்கிறதே. அதை விட்டுவிட்டீர்கள். மாற்கு நான்காம் அதிகாரத்தில் இராஜ்யத்தின் இரகசியம் உங்களுக்கு அருளப்பட்டது, புறம்பே இருப்பவர்களுக்கு உவமைதான் என்று சீடர்களிடம் இயேசு சொல்வதையும் விட்டுவிட்டீர்கள்.

—

முத்துநகர் தாமஸ்

பிடித்துவிட்டீர்கள் அண்ணாச்சி. ஆமாம், இல்லாதவையும் உண்டு, சில எனக்குப் புரியவும் இல்லை. மாற்கு வசனம் எனக்கும் முள்தான். என் சமாதானம் இது: அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே, விளக்கை மரக்காலின்கீழ் வைக்கவா கொண்டுவருகிறார்கள் என்று கேட்கிறார், வெளிப்படாத மறைபொருள் இல்லை என்கிறார். உவமையும் படகில் உட்கார்ந்து கரையெல்லாம் கூட்டம் நிற்கச் சொன்னதுதான். யார் வேண்டுமானாலும் பின்னால் போய், ஐயா அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கலாம். கேட்டவர்களுக்குச் சொன்னார்.

கி.பி. 180 வாக்கில் லியோன் நகர ஆயர் இரேனியு இதே சண்டையைப் போட்டார். அப்போஸ்தலர்களுக்கு ஒளித்து வைத்த ஞானம் ஏதாவது இருந்திருந்தால், சபையையே யாரிடம் ஒப்படைத்தார்களோ அவர்களுக்கல்லவா முதலில் சொல்லியிருப்பார்கள் என்பது அவர் வாதம். இது எனக்குப் பிடிக்கும். கிளினிக்கை மகனிடம் ஒப்படைக்கிற வைத்தியர், மருந்துப் பொடியின் சேர்மானத்தைத் தெருக்கோடிக்காரனிடமா சொல்லிவிட்டுப் போவார்?

அதற்காக எங்கள் பக்கம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. பைபிளை ஆங்கிலத்தில் கொண்டுவந்த திண்டேலை 1536-ல் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். தரங்கம்பாடியில் 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு முழுதாக அச்சாகி வந்தும் எங்கள் வீட்டில் என் தலைமுறையில்தான் பைபிள் நுழைந்தது.

—

தக்கலை நூர்

இழையைப் படித்துக்கொண்டே இருந்தேன், ஒன்று சொல்லலாம் என்று தோன்றியது. குர்ஆன் தன்னைத் ‘தெளிவான வேதம்’ என்றே சொல்லிக்கொள்கிறது, யூசுஃப் சூராவின், அதாவது அத்தியாயத்தின், முதல் வசனத்திலேயே. ஆனால் அதே வசனம் எப்படித் தொடங்குகிறது? அலிஃப், லாம், ரா. மூன்று எழுத்து. 29 சூராக்கள் இப்படித் தனி எழுத்துகளோடு தொடங்குகின்றன. பொருள் என்னவென்றால் அல்லாஹ்வே அறிவான் என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் நகர்ந்துவிடுவார்கள்.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், அந்த எழுத்துகளை யாரும் ஒளித்து வைக்கவில்லை. எங்கள் தெரு மதரசாவில் ஆறு வயதுப் பையன் அலிஃப் லாம் மீம் என்று கத்தி ஓதுவது மெயின் ரோடு வரை கேட்கும். சொல் வெளியே இருக்கிறது, பொருள் உள்ளே இருக்கிறது. இதற்குக் கட்டணம் கிடையாது.

எங்கள் ஊர் பீர் முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியும் அப்படித்தான். சூஃபிப் பாட்டு, ஆழம் காண முடியாது. ஆனாலும் வருஷத்தில் ஓர் இரவு தர்காவில் எல்லோரும் கூடி உட்கார்ந்து உரக்கப் பாடுவார்கள். என் வாப்பா நாற்பது வருஷம் பாடினார். அர்த்தம் கேட்டால், “பாடு, வரும்” என்பார்.

—

கரிசல் அச்சகம்

நூர் பாய், இதைப் படித்ததும் சிதம்பரம் ஞாபகம் வந்தது. சிதம்பர இரகசியம் என்று பேர், ஆனால் திரையை விலக்கி எல்லோருக்கும் காட்டுகிறார்கள். தொங்குவது தங்க வில்வ மாலை, பின்னால் வெறும் வெளி. எட்டாம் வகுப்புச் சுற்றுலாவில் பார்த்துவிட்டு, ‘ஒண்ணுமே இல்லையே சார்’ என்று கேட்டேன். வாத்தியார், ‘அதான்டா’ என்றார். அன்றைக்கு ஏமாந்த மாதிரி இருந்தது.

—

சேந்தன் 72

அதே சிதம்பரத்தில்தான் இன்னொரு அறையும் இருந்தது. மூவர் தேவார ஏடுகள் அதற்குள் பூட்டிக் கிடந்தன என்பது திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை. இராசராசன் கேட்கிறான். மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம் என்கிறார்கள் காவலர்கள். போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமான மூவர்! அவன் அப்பர், சுந்தரர், சம்பந்தர் திருமேனிகளை எழுந்தருளச் செய்து, இதோ வந்துவிட்டார்கள் என்று நிறுத்துகிறான். திறந்தால் உள்ளே கறையான் புற்று. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்த மிச்சம்தான் இன்று நாம் பாடும் எண்ணூற்றுக்கும் குறைவான பதிகங்கள்.

இத்தனைக்கும் அவை தெருத்தெருவாக, ஊர் ஊராகப் போய்ப் பாடிய பாட்டுகள். இரகசியமாக ஒன்றும் பிறக்கவில்லை. பூட்டியபின் இரகசியமானது, அப்புறம் கறையானுக்குச் சோறானது. தாமஸ் சொன்ன அந்த அம்மா அடுப்பில் போட்டதும் இதுவும் பக்கத்து வீட்டுக் கதைகள்.

—

வெள்ளைக்கோபுரம்

இவ்வளவு தூரம் வந்த பிறகு என் பக்கத்துக் கதையின் மறுபாதியையும் சொல்லாவிட்டால் நேர்மை இல்லை.

வரம்பறுத்த அதே இராமானுசருக்கு நம்பி பிற்பாடு கீதையின் சரம சுலோகத்தின் பொருளையும் சொன்னார். சீடர் கூரத்தாழ்வான் அதைக் கேட்டபோது உடனே சொல்லிவிட்டாரா என்றால், இல்லை. ஆழ்வான் ஒரு மாதம் மடத்து வாசலில் பட்டினி கிடந்து பெற்றார். இன்னொரு சீடர் முதலியாண்டான் கேட்டபோது நம்பியிடமே போய்க் கேள் என்று அனுப்பினார். படிப்புச் செருக்கை விட்டுவிட்டு உங்கள் ஆசாரியரிடமே கேளும் என்று நம்பி திருப்பி அனுப்பினார். அந்த நேரத்தில் இராமானுசரின் இன்னொரு ஆசாரியரான பெரிய நம்பியின் மகள் அத்துழாய்க்குப் புக்ககத்தில் ஒரு கஷ்டம். தண்ணீர் எடுக்கப் போகத் துணை இல்லை என்றதற்கு, பிறந்த வீட்டிலிருந்து ஆள் கொண்டுவா என்று மாமியார் சொல்லிவிட்டாள். சீதனமாகப் போன ஆள் யார்? முதலியாண்டான். பெரிய பண்டிதர் அங்கே போய்ச் சமையல் வேலை பார்த்தார். அதற்குப் பிறகுதான் பொருள் கிடைத்தது.

திருவாய்மொழி உரையான ஈடு முப்பத்தாறாயிரப்படியின் கதையும் இதுதான். நம்பிள்ளை பகலில் சொன்னதை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் எழுதிவைத்தார். கேட்காமல் எழுதினதற்கு நம்பிள்ளைக்கு வருத்தம், ஏடு கை மாறியது, சில தலைமுறை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்றே வந்தது. கடைசியில் மணவாள மாமுனிகள் ஸ்ரீரங்கத்தில் பெருமாள் முன்னிலையில் ஓர் ஆண்டு முழுக்க அதை எல்லோருக்கும் விரித்துச் சொன்னார்.

நாற்பது வருஷமாக இதை யோசிக்கிறேன். ‘எல்லோர்க்கும்’ என்று மாமுனிகள் பாடவில்லை, ‘ஆசையுடையோர்க்கெல்லாம்’ என்றுதான் பாடினார். சாதி என்ன, படிப்பு என்ன, யார் மகன் என்று எதுவும் கேட்கவில்லை. ஆசை இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார். அந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளத்தான் முதலியாண்டான் தண்ணீர் சுமந்தார் என்று நினைக்கிறேன். அனு, உங்களை உட்கார வைத்தது ஆசையா, இல்லை ‘எனக்கு மட்டும்’ என்ற நினைப்பா என்று நான் எப்படிச் சொல்வேன் அம்மா. இரண்டும் தொடக்கத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

—

அனு கோவை

‘எனக்கு மட்டும்’தான் மாமி. இப்போது சொல்வதற்கு வெட்கமில்லை.

ஆனால் வீட்டுக்காரர் இன்னும் உட்கார்கிறார். அவருக்கு நான் கண்டுபிடித்ததில் ஒன்றும் போகவில்லையாம்.

—

கறுப்புச்சட்டை

மாமி சொன்னதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆசையை அளப்பவன் யார் என்பதில்தான் மறுபடி சாவி வந்துவிடுகிறது. வாசலில் ஒரு மாதம் பட்டினி போடும் உரிமை ஒருவன் கையில் இருக்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை. கூரத்தாழ்வானுக்குக் கிடைத்த குரு எல்லோருக்கும் கிடைப்பாரா? அனுவுக்குக் கிடைத்தவர்தான் கிடைப்பார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். போன வருஷம் காரைக்குடி போகும் வழியில் திருக்கோட்டியூர் கோயிலுக்குப் போனேன், சிற்பம் பார்க்க. குறுகலான படியில் குனிந்து விமானத்தின் மேல்தளத்துக்கு ஏறினால் அங்கே இராமானுசர் சிலை, ஊரைப் பார்த்தபடி. அதோ கீழே தெரிவதுதான் நம்பி வீடு என்று ஒரு பையன் கை காட்டினான். கதை பின்னால் சேர்ந்ததாகவே இருக்கட்டும். குருவின் வீட்டு வாசலுக்கு நேராகவே நின்று சொன்னான் என்று வைத்தான் பாருங்கள், அந்தக் கதையைச் சேர்த்தவனை எனக்குப் பிடித்துவிட்டது.

—

கரிசல் அச்சகம்

இழை இவ்வளவு நீளும் என்று நினைக்கவில்லை. வேலை முடிந்துவிட்டது, நேற்றுக் கட்டுக் கட்டி அனுப்பியாயிற்று. அண்ணாச்சிக்கு அட்டை பரம திருப்தி, ‘இரகசிய’ என்ற சொல்லை மட்டும் அடுத்த பதிப்பில் இன்னும் பெரிதாகப் போடச் சொன்னார். ஆயிரம் படி கூடுதலாகக் கேட்கிறார்கள் என்றார்.

ஒன்றை இங்கே ஒத்துக்கொள்கிறேன். பிளேட் போடுவதற்கு முந்தின ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தத் துணைக்காலைப் போட்டுவிட்டேன். அண்ணாச்சி இன்னும் கவனிக்கவில்லை. அந்தப் புத்தகத்தில் உள்ள ஒரே இரகசியம் அதுதான்.

—

வெள்ளைக்கோபுரம்

புண்ணியமாய்ப் போகும். எனக்கு ஒரு படி அனுப்புங்கள், மற்ற மந்திரங்களிலும் எதெல்லாம் விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்து எழுதுகிறேன்.